ஒரே ஒரு சாட்சி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால், அப்பாவுக்குப் பிறகு, நான் ஒருத்திதான். ஒன்பது வருடம் கழித்து எழுதுகிறாளே, என்ன ஆச்சோ என்று பதறாதே. பத்தாம் வகுப்புப் பாடத்துக்காக மட்டுமே எழுதுகிறேன். வேறு உள்நோக்கம் எதுவும் கிடையாது.

போன வாரம் வகுப்பில், வரலாறு என்றால் என்ன என்று புத்தகத்தைப் பார்க்காமல் ஒரு வரியில் எழுதச் சொன்னேன். முப்பத்தெட்டுப் பேரில் பதினேழு பேர் ‘மனப்பாடம்’ என்று எழுதியிருந்தார்கள். ஒருவன் ‘செத்துப்போன ராஜாக்கள் எங்களைப் பழிவாங்கும் முறை’ என்று எழுதி, அடியில் கோடு வேறு போட்டிருந்தான். ஒருத்தி, ‘அப்பாவோடு சண்டை வந்தால் அம்மா கல்யாண நாளிலிருந்து ஆரம்பிப்பாரே, அது’ என்று எழுதியிருந்தாள். அவளுக்கு மட்டும் முழு மதிப்பெண் போட்டேன். சரி, வீட்டுக்கதையை வைத்தே புரியவைக்கலாம் என்று வாயைத் திறந்தேன் பார், அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்ததையும், நான் தனியாக அங்கும் இங்கும் ஓடியதையும், நீ இரண்டு நாள் கழித்து வந்ததையும், “இப்ப எதுக்கு வந்தே?” என்று நான் கேட்டதையும், நீ பையைக் கீழே வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்து, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் பையை எடுத்துக்கொண்டு போனதையும் சொன்னேன். தம்பி என்று சொல்லவில்லை, ‘தெரிந்த குடும்பம்’ என்றுதான் ஆரம்பித்தேன். மூன்றாவது வாக்கியத்திலேயே ‘எங்கப்பா’ என்று வாய் தவறிவிட்டது.

முன் பெஞ்சில் ஒரு பெண், பட்டப்பெயர் லாயர். எழுந்தாள்.

“ஏன் லேட்டுன்னு அவர்கிட்ட கேட்டீங்களா, டீச்சர்?”

“கேக்கணுமா? அவனுக்கு வேலைதான் பெருசு.”

“அது ஆதாரம் இல்ல, டீச்சர். அபிப்பிராயம்.”

இரண்டுக்கும் வித்தியாசத்தை முந்தின செவ்வாய்க்கிழமை நான்தான் நடத்தினேன். வருடம் முழுக்க ஒன்றும் காதில் ஏறாத பிள்ளைகளுக்கு அது மட்டும் ஏறித் தொலைத்திருக்கிறது.

“பையைக் கீழ வெச்சாருன்னீங்களே, டீச்சர். கிளம்புறதுக்குன்னு வந்தவரு பையைக் கீழ வெப்பாரா?”

ஒன்பது வருடமாக இந்தக் கதையைப் பக்கத்து வீட்டுக்கும், பால்காரருக்கும், தையல்காரம்மாவுக்கும் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் உச்சுக் கொட்டினார்களே தவிர, ஒருவரும் இதைக் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. மணி அடித்தது, யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் லாயர் கரும்பலகையில் எழுதினாள்: ‘ஒரே ஒரு சாட்சி. இன்னொரு தரப்பு விசாரிக்கப்படவில்லை.’ கீழே எனக்குப் பத்துக்கு நாலு மதிப்பெண் போட்டாள். முப்பது வருஷ சர்வீஸ் எனக்கு!

ஆகவே, நீ ஏன் தாமதமாக வந்தாய், இருக்கத்தான் வந்தாயா, வாசல்வரை போனவன் திரும்பிப் பார்த்தாயா (நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்) என்பதை வகுப்புக்குத் தெரிவிக்கவும். நான் உன்னைத் தேடவே இல்லை என்று நினைக்காதே. உன் பழைய எண் இப்போது ஒரு பல் டாக்டருடையது. நாலு தடவை கூப்பிட்டேன். சும்மா போனை வைக்கக் கூச்சமாக இருந்ததால் அவரிடமே போய், வலிக்காத பல்லைச் சுத்தம் செய்துகொண்டு வந்தேன். இந்த விலாசம் சித்தி மகன் கொடுத்தது. அதுவும் மாறியிருந்தால், பிரித்துப் படிக்கிறவர் மன்னிக்கவும்.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் வீட்டில் இருப்பவர்களுக்கு, அவர்கள் யார், எத்தனை பேர் என்று தெரியாவிட்டாலும், என் அன்பும் ஆசியும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: இதை எழுதி ஐந்து மாதம் ஆகிறது. பையிலேயே கிடந்தது. பிள்ளைகள் பரீட்சை எழுதி முடித்துப் போய்விட்டார்கள். லாயர் வேறு பள்ளிக்கூடம். வகுப்பில் யாரும் எதையும் கேட்டுக் காத்திருக்கவில்லை. காரணம்கூட எழுத வேண்டாம்டா. எப்போ வர்றேன்னு மட்டும் எழுது.