இடுப்பெலும்பு மரியாதை

கால்சியக்காரர் என்றோர் இனம் உண்டு. அறுபத்தைந்து வயதுக்கு மேல் உருவாகும், குளிர்காலத்தில் பெருகும். கையில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் கால்சியம் டப்பாக்கள், டி வைட்டமின் சொட்டு மருந்து, ஒட்டகப்பால் பொடி, முட்டை ஓட்டை அரைத்து எலுமிச்சை பிழிந்த புட்டி, எந்த மலைப்பாறையிலிருந்தோ சுரண்டியதாகச் சொல்லப்படும் தார் நிற மூமியோ உருண்டை. இவர் உங்கள் கையைக் குலுக்குவார். குலுக்கி முடித்தும் விடமாட்டார். மணிக்கட்டை அமுக்கிப் பார்த்துவிட்டு, "உள்ள ஒண்ணுமே இல்லையே மகனே" என்பார்.

பிஷ்கெக்கில் எங்கள் ஐந்து மாடிக் கட்டடத்துக்கு வாய்த்தவர் எசென்குல். எழுபத்து மூன்று வயது. டிராலிபஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அத்தா, அதாவது தகப்பன் மாதிரி. எங்கள் வாசலுக்குள் பதினைந்து வீடுகள்; தன் வீடு போக மற்ற பதினான்குக்கும் மாத்திரை அவர் உபயம். எனக்கு இருபத்தாறுதான் ஆகிறது என்று சொல்லிப் பார்த்தேன். உன் வயசு எலும்புக்குத் தெரியுமா என்று கேட்டார். வாங்கிக்கொண்டேன். மறுக்கும் அளவுக்கு எனக்குப் பேச வராது.

டாக்டர் தினம் ஒரு மாத்திரை எழுதித் தந்தால் அத்தா மூன்று என்பார். அதே டாக்டர் தினம் அரை மணி நேரம் நடக்கச் சொல்லியிருந்தால் அது மட்டும் அவர் காதில் விழாது. தானும் நடக்கமாட்டார். பரிசோதனைக்குப் போனதே இல்லை. இரும்புக்கு யாராவது எக்ஸ்ரே எடுப்பார்களா?

எங்கள் வாசலில் ஏழு படிகள். கைப்பிடிக் கம்பி போன வசந்தத்தில் கழன்று விழுந்தது. டிசம்பரிலிருந்து படிமேல் பனி உறைந்து கண்ணாடியாய்க் கிடந்தது. வழுக்காமலிருக்கச் சாம்பல் தூவ வேண்டும், கம்பியை மாட்ட வேண்டும் என்று அத்தாவின் மனைவி ஜூரகான் வாரம் ஒருமுறை சொல்வார். அத்தாவிடம் பதில் தயாராக இருக்கும்: "வெளிய எதுக்குக் கொட்டணும்? உள்ள சத்து இருந்தா விழுந்தாலும் உடையாது." கட்டடமே தலையாட்டியது. கம்பி மாட்டுவதைவிட மாத்திரை வாங்கி வைப்பது சுலபமில்லையா?

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை காலை அத்தா அந்தப் படியில் விழுந்தார். பார்த்தவன் நான் ஒருவன்தான். தூக்கிவிட்டேன். ஒரு கையால் இடுப்பையும் மறு கையால் என் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டார். இம்முறை அமுக்கிப் பார்க்கவில்லை.

"நீ எதையும் பாக்கல" என்றார்.

அன்று மதியம் தரைத்தள வீட்டு பாத்மாவின் மகன் உலார்பெக் மாஸ்கோவுக்கு வேலைக்குக் கிளம்புகிறான். மூன்றரைக்குள் புறப்பட்டால்தான் விமானம். அதைத் தவறவிட்டால் திங்கட்கிழமை அவன் வேலையில் வேறொருவன் நிற்பான். அதற்கு முன் விருந்து. விருந்து முடிவில், கூடியிருப்பவர்களில் மூத்தவர் கையேந்தி ஆசி சொல்ல வேண்டும்; சொல்லாமல் பிள்ளையை யாரும் அனுப்பமாட்டார்கள். சொன்ன பிறகு எல்லோரும் எழ வேண்டும். மூத்தவர் முதலில்.

மூத்தவர் யார்? மரியாதை இடத்தில், தரையில் விரித்த மெத்தையில், சுவரைப் பிடித்துப் பிடித்துச் சரிந்து உட்கார்ந்தாரே, அவர்தான். விருந்தில் வயதுக்கேற்ற எலும்பைக் கறியோடு தட்டில் வைப்பது எங்கள் வழக்கம். மூத்தவருக்கு ஆட்டின் இடுப்பெலும்பு. அது வந்தது. அத்தா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு எல்லோரும் ஆசிக்குக் காத்திருந்தார்கள். அத்தா தேநீர் கேட்டார். குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். டிராலிபஸ் காலத்துப் பெரும் பனியைப் பற்றிச் சொன்னார். மாஸ்கோக் குளிர் எலும்பை என்ன செய்யும் என்று விளக்கி, உலார்பெக்கின் மடியில் ஆறு டப்பாக்களை அடுக்கினார். வெளியே டாக்ஸிக்காரன் ஹாரன் அடித்தான். உலார்பெக் கடிகாரத்தைப் பார்த்தான். பார்த்தது மரியாதையில்லை என்று டப்பாவைப் பார்த்தான். பாத்மா மூன்றாம் முறையாக, "அத்தா, புள்ள கெளம்பணும்" என்றார். அத்தா நான்காவது தேநீர் கேட்டார்.

கோப்பையை நிரப்பிக்கொண்டே ஜூரகான் தாழ்ந்த குரலில் சொன்னார்: "எந்திரிக்க முடியலன்னு சொல்லிட்டா புள்ள பிளேன் ஏறிடுவான்."

அத்தா கைகளை ஏந்தினார். "வழி வெளிச்சமா இருக்கட்டும். நல்ல மனுசங்க எதிர்ல வரட்டும்." வாசல் பக்கம் பார்த்தார். "படியில பாத்து எறங்கு."

ஆசி முடிந்ததற்கு அடையாளமாக இரு கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டு எல்லோரும் எழுந்தார்கள். ஒருவரைத் தவிர.

உலார்பெக் விமானத்தைப் பிடித்துவிட்டான். அத்தாவை நான்கு பேர் மெத்தையோடு தூக்கி ஆம்புலன்ஸில் ஏற்றினோம். அதற்குள் ஏழு படிகளிலும் யாரோ சாம்பல் தூவியிருந்தார்கள். ஜூரகானின் உள்ளங்கை கறுத்திருந்தது.

இடுப்பெலும்பில் விரிசல். எலும்பு வெகுநாளாகவே மெலிந்திருக்கிறதாம். ஆறு வாரம் ஊன்றுகோல். பிறகு தினமும் நடை, காலுக்குப் பயிற்சி, டாக்டர் சொன்ன அளவில் மாத்திரை. கட்டடமே பார்க்கப் போனது. நோயாளியை வெறுங்கையோடு பார்க்கலாமா? வீட்டுக்கொரு டப்பா கொண்டுபோனோம். எல்லாம் அவர் கொடுத்தவைதான். முத்திரை உடையாமல் இருந்தன. என்னுடையதும்தான்.

அத்தா ஒவ்வொன்றாய்த் திருப்பிப் பார்த்தார். "ஒருத்தர்கூடத் தின்னலயா?"

"நீங்க தின்னீங்களா, கிழவரே?" என்றார் ஜூரகான்.

அத்தா ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலில் பார்க்க ஒன்றுமில்லை.

இதைப் படிக்கும்போதே, இதை யாருக்குப் படித்துக்காட்டலாம் என்று உங்களுக்கு ஒரு முகம் தோன்றியிருக்கும். அவருக்காக வாங்கி வைத்த டப்பாகூட அலமாரியில் இருக்கலாம். நல்லது, உடனே எடுத்துப் போங்கள். ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து எழும்போது மட்டும், உங்கள் கை எதைப் பிடிக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.