இன்னொருக்கா மிஸ்ஸும் ஒற்றைக் கூடையும்

ஹட்டனில் மழை பெய்கிறது என்பதைக்கூட ஒரே தடவையில் ஒப்புக்கொள்ளாத மனுஷி உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் இன்னொருக்கா மிஸ். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்ப்பார். துடைத்துவிட்டு மறுபடி நீட்டுவார். பிறகுதான் குடையை எடுப்பார்.

பஸ் நிலையத்துக்கு எதிரே, மேல்மாடியில் இருந்த எங்கள் சின்ன மென்பொருள் ஆபீஸில், நாங்கள் எழுதுவதைச் சோதித்துப் பார்ப்பது அவர் வேலை. எதைக் காட்டினாலும் "இன்னொருக்கா அமுக்குங்க" என்பார். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. நோர்வூட் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரிடம் இரண்டு தடவை கேட்பார், அப்புறம் இறங்கிப் போய் போர்டையும் படிப்பார். அதற்குள் பஸ் போய்விடும். பெண் பார்க்க வந்தவரை மறுவாரமும் வரச்சொல்லி அதே கேள்விகளைக் கேட்டாராம். "ஒரு பதிலும் மாறல, அதான் கட்டிக்கிட்டேன்" என்று பெருமையாகச் சொல்வார்.

எனக்கு அவரைக் கண்டாலே எரிச்சல். பைதான் மொழியைக் கரைத்துக் குடித்துவிட்ட நினைப்பில் நான் திரிந்த காலம் அது. தேயிலைக் கொழுந்து நிறுப்பதற்கு ஒரு செயலி எழுதியிருந்தேன். அதை முதலில் காட்டப்போனது என் அம்மா கொழுந்து பறிக்கிற தோட்டத்தில். "எம் மகன் மிஷினு வந்துட்டா எடையில ஒருத்தனும் கை வைக்க முடியாது" என்று அம்மா லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

என்னோடு வேனில் வரப் புறப்படும்போதும் மிஸ் விடவில்லை. "இன்னொருக்கா போட்டுக் காட்டுங்க."

"வேன் வந்துருச்சு மிஸ். நூறு தரம் பாத்தாச்சு."

பொய்யில்லை. ஆனால் நூறு தடவையும் செயலியைத் திறந்து, ஒரே ஒரு எடை போட்டு, மூடியிருந்தேன்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், தோட்டத்துத் துரை முன்னால் முதல் அக்கா கொழுந்தை நிறுத்தார். பதினேழு கிலோ. கைதட்டல். அடுத்தவர் கொண்டுவந்தது பதினைந்து, திரை காட்டியது முப்பத்திரண்டு. மூன்றாமவர் பதினாறு, திரையில் நாற்பத்தெட்டு. முன்னால் நின்றவர் எடையெல்லாம் பின்னால் வருபவர் கணக்கில் ஏறுகிறது என்று வரிசைக்குப் புரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"நீ மொதல்ல போடி."

"இல்லக்கா, நீங்க பெரியவங்க, நீங்களே போங்க."

அத்தனை பேரும் வரிசையின் வால்பக்கம் ஓடினார்கள்.

துரை சிரிக்கவில்லை. "அரை மணித்தியாலம் தாரேன். இல்லன்னா மூட்டையக் கட்டுங்க."

நான் மடிக்கணினியைத் திறந்தேன். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு வரிசையை விட்டு நடக்கத் தொடங்கியிருந்தார். மிஸ் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தார்.

"எங்கம்மா போறீங்க?"

"மூஞ்சிய எங்க கொண்டுபோய் வைக்கிறது புள்ள?"

"எல்லாம் சரியாயிருச்சு. நான் பாத்துட்டேன். வந்து நில்லுங்க."

அம்மா திரும்பி வந்து நின்றார். எனக்கும் மூச்சு வந்தது. எழுதியதை மெதுவாகப் படித்தபோதுதான் பைதானின் குசும்பு தெரிந்தது. ஆளுக்கொரு வெறுங்கூடை கொடு என்று எழுதியதாக நான் நினைத்திருந்தேன். அதுவோ தொடக்கத்திலேயே ஒரே ஒரு கூடையைச் செய்து வைத்துக்கொண்டு, வந்தவருக்கெல்லாம் அதையே நீட்டியிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் புதுக்கூடை செய்யச்சொல்லி மாற்றினேன். அம்மாவுக்கு இருபத்தொன்று காட்டியது. தராசிலும் இருபத்தொன்றுதான்.

மிஸ் அம்மாவிடம் "நான் பாத்துட்டேன்" என்று சொன்னபோது நான் ஒரு எழுத்துகூடத் திருத்தியிருக்கவில்லை. அந்தப் பச்சைப்பொய்க்காக ஆயுசுக்கும் அவரைக் கும்பிடுவேன்.