காரணம்: பசி

என் மனைவியைவிட நான் புத்திசாலி என்று ஒரு நாளாவது நிரூபித்துவிட்டுத்தான் கண்ணை மூடுவது என்று தீர்மானம் செய்திருந்தேன். தீர்மானம் இன்னும் இருக்கிறது. நாள்தான் கிடைக்கவில்லை. கிடைத்துவிட்டது என்று நம்பி நான் ஏமாந்த கதை இது.

குழாய்க் கம்பெனி ஒன்றில் நான் ஸ்டோர் கீப்பர். பத்தொன்பது வருஷம். எந்த வால்வு எந்த மூலையில் கிடக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் காலம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு திங்கட்கிழமை மேனேஜர் எங்களைக் கூட்டி வைத்து, ஸ்டோர் முழுவதும் கம்ப்யூட்டருக்கு மாறப்போகிறது என்றார். அதற்கு ஆன்லைனில் பயிற்சி. பன்னிரண்டு பாடம், இரண்டு மாதம், கடைசியில் ஆபீசில் பரீட்சை.

"ஹால் பிடிக்க வேண்டாம், வாத்தியார வரவழைக்க வேண்டாம், ஒரு நாள் வேலைகூட நிக்காது. கம்பெனிக்கு லாபம்," என்றார். "உங்களுக்கும்தான். வீட்டுல உக்காந்து நேரம் கிடைக்கும்போது பாக்கலாம். புரியலைன்னா திரும்பப் போட்டுப் பாக்கலாம். யாரும் திட்ட மாட்டாங்க."

"ஃபெயில் ஆனா சார்?"

"லோடிங்குக்கு மாத்திருவோம்."

லோடிங் என்றால் லாரியில் பெட்டி ஏற்றுவது. எனக்கு வயது ஐம்பத்திரண்டு. என் இடுப்புக்கு இன்னும் பத்து வயது அதிகம். போன வருஷம் பக்கத்து மேஜைக்காரர் லோடிங்குக்குப் போனார். மூன்றாவது வாரம் வீட்டுக்கே போய்விட்டார். அவர் நாற்காலியில் இப்போது பழைய ஃபைல்கள் உட்கார்ந்திருக்கின்றன.

அன்று சாயங்காலமே முதல் பாடத்தைப் போட்டேன். ஐந்தாவது நிமிஷம் தூங்கிவிட்டேன். பாடத்தின் நடுநடுவே 'இருக்கிறீர்களா?' என்று ஒரு பொத்தான் வரும். அழுத்தாவிட்டால் பாடம் மறுபடி முதலிலிருந்து ஓடும். பத்தொன்பது வருஷத்தில் கம்பெனி என்னிடம் அப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டபோது நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது முறை தூங்கி எழுந்ததும் யோசனை வந்தது. மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இந்தா, இந்த லேப்டாப்ப அடுப்படியில வெச்சுக்கோ. தினமும் பாடத்த ஓட விடு. 'இருக்கிறீர்களா'ன்னு கேட்டா அழுத்து. அவ்வளவுதான் வேலை."

"பாடத்த யாரு கேக்கறது?"

"யாரும் கேக்க வேண்டாம்."

"பாடம் முடிஞ்சதும் கேள்வி வந்தா?"

"தோணினதத் தட்டி விடு."

"பரீட்சைக்கு என்ன பண்ணுவீங்க?"

"பக்கத்துல ஒருத்தன் உக்காந்து எழுதுவான்ல? அவன் பேப்பர் எதுக்கு இருக்கு?"

"சரி," என்றாள்.

உடனே சரி என்றாள். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அந்த மாதிரி ஒரு சரியை நான் கேட்டதே இல்லை. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். கம்பெனி கொடுத்த நாலு பக்கச் சுற்றறிக்கையையும் வாங்கி வைத்துக்கொண்டாள். நான் முதல் பக்கத்தோடு நிறுத்தியிருந்தேன்.

இரண்டு வாரம் நிம்மதியாகத் தூங்கினேன். பிறகு அடுப்படி அலமாரியில் எண்கள் முளைத்தன. டப்பாவுக்கு டப்பா அட்டை தொங்கியது.

"பிஸ்கட் எங்கடி?"

"ரெண்டாவது வரிசை, மூணாம் தட்டு. சீட்டு எழுதிக் குடுத்துட்டு எடுங்க."

"என் வீட்டுல பிஸ்கட் திங்க சீட்டா?"

"எத்தனை?"

"நாலு."

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க."

"பசி!"

"அத எழுதுங்க. கையெழுத்து போடுங்க. மீதி எத்தனைன்னு எண்ணி அட்டையில குறிங்க."

குறித்தேன். வேறு வழி? எண்ணிக்கை தப்பினால் மறுநாள் பிஸ்கட் கிடையாது. புது ரொட்டி மணக்க மணக்க மேஜைமேல் இருக்கும். எனக்கு நேற்றைய ரொட்டிதான். கேட்டால், "பழைய இருப்பு முதல்ல போகணும்," என்பாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் பருப்பு டப்பாக்களை அட்டையோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது என் பொறுப்பு. ஆபீசிலும் ஸ்டோர், வீட்டிலும் ஸ்டோர். சோப்பு எடுக்கச் சீட்டு எழுதும்போது ஒரு நாள் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பரீட்சைக்கு மூன்று நாள் இருக்கும்போது மேனேஜர் கூப்பிட்டார்.

"என்னய்யா, உங்க பேருக்கு நேரா பூஜ்யம்னு காட்டுது? ஒரு பாடம்கூடப் பாக்கலையா?"

எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியாது.

"தினமும் அழுத்தினியா இல்லையா?"

"அழுத்தினேனே. என் பேர்ல." சுற்றறிக்கையின் நாலாவது பக்கத்தைக் காட்டினாள். ஊழியர் குடும்பத்தில் ஒருவரும் இலவசமாகச் சேரலாம் என்று போட்டிருந்தது. "குடும்பத்துக்காரங்களுக்கு வீட்டுலயே ஆன்லைன் பரீட்சை. தொண்ணூத்தி நாலு மார்க்கு. சான்றிதழ்கூட வந்தாச்சு."

"அப்ப என் பேர்ல?"

"ஒருத்தர் கையெழுத்த இன்னொருத்தர் போடக் கூடாதுன்னு அஞ்சாவது பாடத்துலயே சொல்லிட்டாங்க."

நான் பயந்துவிட்டேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஃபைல் அடுக்கிய அந்த நாற்காலிதான் கண் முன்னால் நின்றது. மூன்று நாள் லீவு போட்டுப் பன்னிரண்டு பாடத்தையும் பார்த்தேன். உட்கார்ந்தால் தூக்கம் வரும் என்று நின்றுகொண்டே பார்த்தேன். பொத்தானை நானே அழுத்தினேன். பார்க்கப் பார்க்க ஒரு சந்தேகம் வந்தது. எல்லாம் எங்கேயோ பழகின மாதிரியே இருந்தது. ஆனால் பரீட்சைப் பயத்தில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பரீட்சையன்று காலை காபிகூட இறங்கவில்லை. அப்படியே வைத்துவிட்டுப் போனேன். அங்கே ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர், ஆளுக்கு வேறு வேறு கேள்வி. பக்கத்து ஆளைப் பார்த்துப் பிரயோஜனமில்லை. முதல் கேள்வி: 'பழைய சரக்கும் புதுச் சரக்கும் இருந்தால் எதை முதலில் வெளியே அனுப்புவீர்கள்?' நேற்றைய ரொட்டி ஞாபகம் வந்தது. சரக்கு கேட்டு வரும் சீட்டில் என்னென்ன இருக்க வேண்டும்? பிஸ்கட் சொன்னது. விரல் தானாக ஓடியது. எழுபத்தொன்று. பாஸ் மார்க் அறுபது.

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன்.

"தெரிஞ்சேதான் செஞ்சியா?"

"பாடம்னா தூங்கிடுவீங்க. சாப்பாடுன்னா முழிச்சிருப்பீங்க," என்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "லாரியில பெட்டி ஏத்த விட்டுருவேனா?" என்றாள்.

செருப்பைக் கழற்றுகிற சாக்கில் நான் குனிந்துகொண்டேன். நிமிர்ந்ததும் பாஸ் செய்த ஆம்பளையின் குரலில் உத்தரவு போட்டேன்.

"அதான் முடிஞ்சுதே. இந்த சீட்டு, அட்டையெல்லாம் தூக்கிக் கடாசு. சூடா ஒரு காபி கொண்டா."

அவள் சீட்டை நீட்டினாள். சரி, கடைசித் தடவை என்று எழுதினேன். காபி, ஒன்று. காரணம்: வெற்றி. கையெழுத்துப் போட்டேன்.

படித்துப் பார்த்துத் தலையாட்டிவிட்டு உள்ளே போய் டம்ளரோடு வந்தாள். ஒரு வாய் வைத்தேன். காலையில் நான் வைத்துவிட்டுப் போன அதே காபி.