உட்கருவைத் தூக்கிக்கொண்டு போனவள்

எனக்குச் சந்தேகப் புத்தி உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கடைக்காரர் சிரித்த முகத்தோடு கத்தரிக்காய் கொடுத்தால், ஒவ்வொன்றையும் இரண்டு தடவை திருப்பிப் பார்ப்பேன். (சொத்தை இல்லாமலா சிரிக்கிறார்?) தொண்ணூறுகளின் நடுவில், பாளையங்கோட்டையில் பி.எட். படித்தபோது இந்தப் புத்தி என்னைச் சந்தி சிரிக்க வைத்தது.

செய்முறைத் தேர்வுக்கு மூன்று பேர் சேர்ந்து ஒரு மாதிரி செய்ய வேண்டும். மேலப்பாளையம் பாத்திமா, ஜெசிந்தா, வடிவு என்கிற நான். செல்லுக்குள் இருக்கும் உறுப்புகள் எப்படிக் கூடி வேலை செய்கின்றன என்று நடத்திக் காட்டுவதாக முடிவு. பெரிய தாம்பாளம் நிறையப் பாத்திமா காய்ச்சிய கடல்பாசி. நோன்பு மாதத்தில் அவர்கள் வீட்டில் செய்யும் அதே கொழகொழப் பண்டம். அதுதான் சைட்டோபிளாசம். ஆற்றல் கொடுக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஜெசிந்தா டார்ச் பல்புகளைப் பதித்தாள். நடுவில் உட்கருவாக நான் பாதியாக வெட்டிய ரப்பர் பந்து. அதற்குள் ஒரு சீட்டு. மணிகளை எந்த வரிசையில் கோர்க்க வேண்டும் என்ற உத்தரவு அதில் இருக்கும். சீட்டு வெளியே வந்ததும் ரைபோசோமாகிய பாத்திமா மணிகளைக் கோர்த்துப் புரதம் செய்வாள். கோல்கை உறுப்பாகிய ஜெசிந்தா அதை வாங்கி மிட்டாய்த் தாளில் பொட்டலம் கட்டிச் செல்லுக்கு வெளியே அனுப்புவாள்.

நல்ல மதிப்பெண் வந்தால் களக்காட்டுப் பள்ளி ஒன்றில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். இருந்தது ஒரே இடம்; எங்கள் மூன்று பேருக்கும் அதன் மேல் கண்.

தேர்வுக்கு மூன்று நாள் முன்னால் அவர்கள் இரண்டு பேரும் குசுகுசுக்கத் தொடங்கினார்கள். நான் போனால் பேச்சு நிற்கும். ஒருநாள் கதவுக்குப் பின்னால் நின்று காதைத் தீட்டினேன்.

"வடிவுக்குத் தெரியாம முடிச்சிரணும் ட்டி," என்றாள் பாத்திமா.

"தெரிஞ்சா ஏசியே கொன்னுருவா," என்றாள் ஜெசிந்தா.

எனக்கு அது போதும். என்னைக் கழற்றிவிட்டு மாதிரியை அவர்கள் பெயரில் காட்டப்போகிறார்கள்! அன்று சாயங்காலமே, என் பொறுப்பில் இருந்த உட்கருவைப் பைக்குள் போட்டுக்கொண்டு எங்கள் ஊர் முக்கூடலுக்கு பஸ் ஏறினேன். வீட்டிலும் யாரையும் நம்பாமல் அரிசி டிரம்மின் அடியில் புதைத்தேன். அவ்வளவு பத்திரம். அதனால்தான் தேர்வன்று காலையில் பஸ்ஸைப் பிடிக்க ஓடியபோது எனக்கே அது ஞாபகம் வரவில்லை.

கல்லூரியில் தாம்பாளத்தைத் திறந்தோம். நடுவில் பந்து உட்கார வேண்டிய பள்ளம் மட்டும்.

"ஏட்டி, உட்கருவ எங்க?" என்று பாத்திமா அலறினாள். நான் பதில் சொல்வதற்குள் வெளியூர்த் தேர்வாளர் வந்து நின்றுவிட்டார். அவரும் அதையேதான் கேட்டார்.

ஜெசிந்தா சமாளித்தாள். "சார், இது மனுஷ ரத்தச் சிவப்பணு. முதிர்ந்த பிறகு அதுல உட்கரு இருக்காது."

"சரிதான். அதுல மைட்டோகாண்ட்ரியாவும் இருக்காதேம்மா. இந்த லைட்டு என்னத்துக்கு எரியுது?"

ஜெசிந்தா பைய சுவிட்சை அணைத்தாள்.

"சார்," என்றேன் நான், "உட்கரு எங்க வீட்டு அரிசி டிரம்முக்குள்ள இருக்கு."

"அங்கன என்ன செய்யுது?"

"இவங்க ரெண்டு பேரும் என்னைய ஏமாத்திருவாங்கன்னு..." என்று இழுத்தேன்.

பாத்திமாவின் முகம் சிவந்துவிட்டது. "ஏமாத்தவா? கடல்பாசில பழக்கத்துல சீனியப் போட்டுட்டேன் ட்டி. செல்லு முழுக்க எறும்பு. உனக்குத் தெரிஞ்சா ஏசுவியேன்னு மூணு நாளா கொட்டிட்டு, புதுசு காய்ச்சிக்கிட்டுக் கெடக்கோம்!"

தேர்வாளர் என்னைப் பார்த்தார். "உத்தரவு வரலைன்னா செல்லு என்னம்மா ஆகும்?"

"ஏற்கெனவே வந்த உத்தரவை வச்சுக் கொஞ்ச நேரம் ஓடும் சார். அப்புறம் நின்னுரும்."

"அப்ப நீ தள்ளி நில்லு. இவங்க கொஞ்ச நேரம் ஓட்டட்டும்."

ஓட்டினார்கள். பல்பு மறுபடி எரிந்தது. சீட்டே இல்லாமல் பாத்திமா மணிகளை வரிசை தப்பாமல் கோர்த்தாள். ஜெசிந்தா பொட்டலம் கட்டித் தேர்வாளர் கையிலேயே கொடுத்தாள். அத்தனை தடவை அவர்கள் தனியாக ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். நான் ஓரமாக நின்று, என் செல் நான் இல்லாமல் வேலை செய்வதை வேடிக்கை பார்த்தேன். எனக்குக் கிடைத்தது தேர்ச்சிக்கு வேண்டிய மதிப்பெண் மட்டும். களக்காட்டு வேலை ஜெசிந்தாவுக்குப் போனது. பாத்திமா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு அவளாகவே ஒரு டப்பாவில் கடல்பாசி கொண்டுவந்து நீட்டினாள். (எறும்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தின்றேன்.)

போன வருடம் பாத்திமா மகளுக்கு நிக்காஹ். மண்டபத்து அறைச் சாவியை யாரிடம் கொடுப்பது என்று மேனேஜர் கேட்டார். நான் கையை நீட்டினேன். சம்பந்தி வீட்டார், என் கணவர், பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருக்க, பாத்திமா ஓடிவந்து சாவியைப் பிடுங்கினாள்.

"அவ கையில மட்டும் குடுத்திராதிய. முக்கூடலுக்குக் கொண்டு போயிருவா!"

முழுக்கதையையும் அங்கேயே சொல்லியும் முடித்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் டிவி ரிமோட்டைக்கூட என் கையெழுத்தை வாங்கிக்கொண்டுதான் தருகிறார்கள்.