மச்சானுக்கு ஈப்போ சுற்றிக் காட்டிய விவரம்

அன்பும் மரியாதையும் மிகுந்த நவமணி அக்காவுக்கு,

புந்தோங்கிலிருந்து தம்பி அப்பாவு கும்பிட்டு எழுதுவது. இங்கே நானும் மச்சானும் இருக்கிறோம். நலம் என்ற சொல்லை வழக்கம்போல முதல் வரியில் போட்டுப் பார்த்தேன், பொருந்தவில்லை, அடித்துவிட்டேன். தெலுக் இந்தானில் உங்கள் முழங்கால் கட்டை அவிழ்த்தார்களா என்று அறிய ஆவல். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்ததும் நீங்கள் அழுகிறீர்கள், பிறகு திட்டுகிறீர்கள், பிறகு சார்ஜ் போய்விடுகிறது. கடிதத்தை யாரும் நடுவில் வெட்ட முடியாது.

நீங்கள் சொல்லி அனுப்பியது எனக்கு மறக்கவில்லை. புதன்கிழமை மச்சானுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை, அதுவரை கஞ்சி மட்டும், கடைப்பக்கமே போகக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஷர்மினி தன் அப்பாவை என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனதும் நான் கஞ்சிதான் வைத்தேன். மச்சான் கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்பாவு, முக்கால்வாசி வயித்த வெட்டி எடுத்துருவாங்களாம். அப்புறம் ஆயுசுக்கும் கோழிக்குஞ்சு மாதிரி கொறிக்கணுமாம். முப்பது வருஷமா செம்பனைப் பழம் ஏத்துன லோரி ஓட்டிக்கிட்டு இந்த ஊரு வழியா போயிருக்கேன். சனங்க வரிசையில நின்னு சாப்பிடுறத லோரியில இருந்தே பாத்திருக்கேன். ஒருநாள்கூட எறங்குனதில்ல. எல்லாம் உங்க அக்கா கட்டிக் குடுத்த சோறுதான். நாளைக்கு என்னைக் கூட்டிட்டுப் போடா" என்றார். முடியாது என்றேன். "வெட்டுற ஆட்டுக்குக்கூட தழை குடுப்பாங்கடா" என்றார். நான் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

திங்கள்கிழமை காலை பழைய டவுனுக்குப் போனோம். சின்ன வயதில் நாம் சும்மா போய் உட்கார்ந்து குடித்த கோப்பிக்கடையில் இப்போது கோலாலம்பூர்க்காரர்கள் சுவரை ஒட்டி வரிசையில் நிற்கிறார்கள். மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து ஒரு சீனப்பெண் எழுந்து இடம் கொடுத்தாள். வெள்ளைக் கோப்பி வந்தது. ஒரு மடக்கு வாயில் வைத்தவர் விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. எனக்கு உயிர் போய் வந்தது. "எப்படி இருக்கு மச்சான்?" என்றேன். "நல்லா இருக்கு. உங்க அக்கா போடுற கோப்பி மோசம்தான் போல" என்றார். அவர் சொன்னது அக்கா, நான் சொல்லவில்லை. அடுத்து சுவரெல்லாம் படம் வரைந்திருக்கும் சந்து. அங்கே ஒரு புதுமணத் தம்பதி, நம் தமிழ்ப் பிள்ளைகள்தான், "அங்கிள், நீங்க பாக்க அப்படியே பழைய ஈப்போ மாதிரி இருக்கீங்க, ஒரு போட்டோ" என்று அவரைச் சுவரோரம் நிறுத்தினார்கள். "இப்பவே எடுத்துக்குங்க தம்பி, புதன்கிழமைக்கு மேல கிடைக்க மாட்டேன்" என்றார் மச்சான். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். படத்தில் நானும் ஓரத்தில் நிற்கிறேன், நான் மட்டும் சிரிக்கவில்லை.

மதியம் தாவ்கே கோழி. நம் புந்தோங்கில் விளைகிற குண்டு முளைப்பயறும் அவித்த கோழியும்தான், அதற்கு இத்தனை ஊரிலிருந்து ஆட்கள். மச்சான் இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாய் உள்ளே போகவில்லை, முதல் இரண்டும் வெளியே வந்துவிட்டன. சாக்கடைக் கால்வாய் வரைக்கும் போக அவகாசம் இல்லை அக்கா. கடைக்காரச் சீன ஆன்ட்டி சுடுதண்ணீர் கொண்டு வந்து முதுகைத் தடவி, உடம்பு சரியில்லையா என்று மலாயில் கேட்டாள். "தாக் அப்பா, செடாப்" என்றார் மச்சான், கண்ணில் தண்ணீர் வழிய. ஒன்றுமில்லையாம், ருசியாக இருக்கிறதாம்! பக்கத்து மேசைக் குடும்பம் தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனது. மச்சான் வாயைத் துடைத்துக்கொண்டே அந்தத் தட்டைத்தான் பார்த்தார். "பாவம், நல்ல கோழி" என்றார்.

நான் மச்சானை ஏற்றிக்கொண்டு காடியை வீட்டுப்பக்கம் திருப்பினேன். இன்னும் ஒரே ஒரு இடம் என்றார். செம்மோர் தாண்டிப் பழைய ரப்பர் தோட்டத்து ஓரத்தில் வீரம்மா கடை என்று ஒன்று இருந்ததாம், அங்கே பொரித்த மீனுக்காக லோரிக்காரர்கள் சுற்றுப்பாதையில் வருவார்களாம். போனோம். ரப்பரும் இல்லை, ரப்பருக்குப் பிறகு நட்ட செம்பனையும் இல்லை. ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி ரோடுகள், அதில் ஒன்றில் என் காடியின் முன்சக்கரம் கால்வாயில் இறங்கிவிட்டது. நடந்து போய் ஒருவழியாக இடத்தைக் கண்டுபிடித்தோம். கடை இருந்தது. உள்ளே சவப்பெட்டிகள் இருந்தன.

வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் கையைக் கூப்பிக்கொண்டு மெதுவாக வந்தார். "வாங்கண்ணே. யாருக்கு?" என்றார்.

"எனக்குத்தான். சாப்பாடு இருக்கா?" என்றார் மச்சான்.

அவர் பெயர் சுரேன். வீரம்மாவின் மகன். அம்மா இறந்தபோது காரியத்தை நடத்த வந்தவர்கள் சரியாகச் செய்யவில்லை என்ற கோபத்தில் தானே இந்தத் தொழிலுக்கு வந்துவிட்டாராம். விஷயத்தைக் கேட்டுவிட்டு, தன் மனைவி தினேஸ்வரி தனக்குக் கட்டிக் கொடுத்திருந்த சோற்றை எடுத்து வைத்தார். கருவாட்டுக் குழம்பு. இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் பெஞ்சில் உட்கார்ந்து மச்சான் சாப்பிட்டார். நான் பிளாஸ்டிக் பையை விரித்துப் பிடித்தபடி எதிரில் நின்றேன். பைக்கு வேலை வரவில்லை. முழுவதையும் சாப்பிட்டு, விரலையும் நக்கினார்.

பிறகு சொன்னார்: "ஒரு வருஷமா எனக்குப் பசியே கெடையாது அப்பாவு. உங்க அக்கா போட்டதையெல்லாம் மென்னு மென்னு முழுங்கினேன். அவ எதிர்ல நின்னு பாத்துக்கிட்டே இருப்பா. பசிக்கலன்னு சொன்னா பயந்துருவா. இன்னிக்குத்தான் பசிச்சுது." கையைக் கழுவிக்கொண்டே, "எனக்கும் பயமாத்தான் இருக்குடா" என்றார். அதெல்லாம் ஒன்றும் ஆகாது மச்சான் என்றேன். சொல்லும்போது எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் பெட்டி.

என் காடியைச் சுரேனும் அவருடைய ஆட்களும் ஒரு சத்தம் இல்லாமல், ஆட்டம் இல்லாமல் தூக்கி ரோட்டில் வைத்தார்கள். "தூக்கித் தூக்கிப் பழக்கம்ணே" என்றார்.

இன்று செவ்வாய். காலையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று நர்ஸ் கேட்க, மச்சான் ஒன்றுவிடாமல் சொன்னார். அந்தப் பெண் பாதியில் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைத் திட்ட ஆரம்பித்தாள். அப்படியே உங்கள் குரல் அக்கா. நான் தலை குனிந்து நின்று வாக்குக் கொடுத்தேன், உங்களுக்கும் கொடுக்கிறேன்: இனிமேல் மச்சானைக் கோப்பிக்கடைப் பக்கமோ கோழிக்கடைப் பக்கமோ கூட்டிப் போகமாட்டேன். நாளை ஆபரேஷன் நல்லபடியாக முடியும். நீங்கள் அந்த முழங்காலை வைத்துக்கொண்டு அலைய வேண்டாம், வீட்டிலேயே இருந்து விளக்கேற்றுங்கள், போதும். ஷர்மினிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். மாரியாத்தா எல்லாரையும் கண் திறந்து பார்க்கட்டும்.

உங்கள் திட்டுக்குக் காத்திருக்கும் தம்பி,
அப்பாவு

பின்குறிப்பு: கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை, இனிப் போடப்போவதும் இல்லை. இங்கே வந்திருக்கும் ஷர்மினியிடம் கொடுக்கிறேன், அவள் உங்களை அழைத்துவரத்தான் அங்கே வருகிறாள். சாயங்காலம் டாக்டர் கூப்பிட்டுப் புதிதாக எடுத்த ஸ்கேனைக் காட்டினார். ஈரலிலும் பரவிவிட்டதாம், வயிற்றைத் திறந்து பிரயோசனம் இல்லையாம், நாளை ஆபரேஷன் கிடையாது. இனிமேல் அவருக்குப் பிடித்ததைச் சாப்பிடக் கொடுங்கள் என்றார். மச்சான் டாக்டருக்கு நன்றி சொல்லிவிட்டுச் சட்டையை மாட்ட ஆரம்பித்தார். மேலே நான் கொடுத்த வாக்கு எதுவும் செல்லாது. எதையும் சமைத்துக் கட்டிக்கொண்டு வரவேண்டாம் என்று மச்சான் உங்களிடம் சொல்லச் சொன்னார். கல்யாணம் ஆன நாளிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் ஒரு கடையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லையாம். சீக்கிரம் வாருங்கள் அக்கா, அவருக்குப் பசிக்கிறதாம்.