பாலம் தாண்டாத கார்

சாரம்மாளுக்குப் பிடரி வலி. காலையிலிருந்து விண்விண்ணென்று தெறித்தது. இருபது வருஷம் குனிந்து பீடி சுற்றிய கழுத்து. திடீரென்று நிமிர்ந்து கம்ப்யூட்டரைப் பார் என்றால் கேட்குமா? மடியில் இலையும் தூளும் வைக்கும் சொளவு இல்லாத குறைக்கு வலி வந்து உட்கார்ந்துகொண்டது.

திரையில் சிவப்புக் கார் பாலத்தில் ஏறியது. ஏறும்போதே விக்கியது. கொஞ்சம் ஓடி, நின்று, துள்ளி, பாலத்தின் நடுவில் அப்படியே உறைந்துவிட்டது. பெட்டிக்குள்ளிருந்து 'ட்ர்ர்ர்ர்' என்று ஒரே இரைச்சல்.

"பாலம்! பாலம்லே!" என்று பின்னால் நின்ற ஆட்டோக்காரர்கள் கத்தினார்கள். ஒருவன் தொடையைத் தட்டிச் சிரித்தான். கிட்டங்கியில் மூட்டை தூக்கும் இரண்டு பேர் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

"இருங்கப்பா. அணைச்சுப் போடுதேன். நின்ன நேரத்தக் கணக்குல சேக்கமாட்டேன்" என்றாள் சாரம்மாள்.

கார் ஓட்டிக்கொண்டிருந்தவன் சங்கிலிபூதத்தான். பேட்டை ஆட்டோ ஸ்டாண்டில் முதல் வண்டி அவனுடையது. அவன் கோபப்படவே இல்லை.

"அதுக்கென்னக்கா, பைய போடுங்க. நான் ஒரு கலர் குடிச்சிட்டு வாரேன்."

பக்கத்துக் கடை பலவேசம் அண்ணாச்சியின் சோடாக் கடை. கார் நிற்கும்போதெல்லாம் கூட்டம் மொத்தமும் அங்கே போய்விடும். போனவர்கள் திரும்பி வருகிறார்களே என்பதுதான் அவளுக்கு ஆச்சரியம். பாவப்பட்டு வருகிறார்கள் என்று நினைத்தாள். பாவம் பார்ப்பதும் எத்தனை நாளைக்கு?

புருஷன் பம்பாய்க்குப் போனவன், போனவன்தான். பீடிக் கம்பெனியில் பேரை வெட்டச் சொல்லி, சேர்ந்திருந்த பிஎஃப் பணத்தை வாங்கி, காயல்பட்டினம் முகம்மது மைதீனிடம் இந்தப் பெட்டியை வாங்கியிருந்தாள். அவர் துபாயிலிருந்து கொண்டுவந்தது. பீடி சுற்றிய அதே முன்னறையில் மேஜை போட்டு, 'சாரா கம்ப்யூட்டர் கேம்ஸ்' என்று போர்டும் எழுதியாகிவிட்டது. கம்பெனியில் பேரை வெட்டினால் வெட்டினதுதான், திரும்பச் சேர்க்கமாட்டார்கள். இனிச் சுற்றுவதென்றால் அடுத்தவள் பேரில் சுற்றி, அவள் கிள்ளிக் கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும். இங்கே ஆள் வராமல் போனால் அவளுக்கு அந்த வாசல்தான்.

மாசி, பங்குனியெல்லாம் கார் ஒழுங்காகத்தான் ஓடியது. பார்க்கத்தான் ஆளில்லை. சித்திரை பிறந்து ஊருக்குள் பேர் பரவி, கூட்டம் கூடுகிற நேரம் பார்த்து இந்த விக்கல்.

பலவேசம் வாசலில் தலையை நீட்டினார்.

"என்ன சாரம்மா, இன்னைக்கும் பாலத்துலதானா?" என்று பல் தெரியச் சிரித்தார்.

பொறாமை பிடித்த மனுஷன் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் கிருபைராஜ் வந்தான். ஜங்ஷனில் கம்ப்யூட்டர் படித்தவன். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஸ்குரூ டிரைவர் வைத்திருந்தான்.

"ஹேங் ஆவுதுக்கா. ரேம் லூசா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே பக்கத்து மூடியைக் கழற்றினான்.

சங்கிலிபூதத்தான் பதறிப்போய் உள்ளே வந்தான். "எதுக்குக்கா வீண் செலவு? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போட்டும். நாங்க என்ன குறையா சொன்னோம்?"

சாரம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆட்டோ ஓட்டுகிறவனுக்கு எவ்வளவு மனசு! அந்த மனசுக்காகவாவது சரிபண்ணியே தீர வேண்டும்.

கிருபைராஜ் உள்ளேயிருந்து ஒரு பச்சைப் பட்டையை உருவி, ரப்பரால் தேய்த்து, மறுபடி செருகினான். "இப்ப ஓட்டிப் பாருங்க."

கார் புறப்பட்டது. பாலம் வருவதற்கு முன்னாலேயே, ஒரு தென்னைமரத்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது.

அறை வெடித்தது. "தென்னைமரம்லே! ஏலே, தென்னைமரம்!" மூட்டைக்காரர்களில் ஒருவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆடினான். மற்றவர்கள் அவனை முறைத்தார்கள்.

அடுத்தவள் குடி கெடுவதில் இப்படியும் ஒரு ஆட்டமா? சாரம்மாளின் பிடரி நரம்பு இழுத்தது.

"அப்ப வைரஸ்தான். எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஏத்தணும்" என்றான் கிருபைராஜ்.

"அழிச்சா திரும்ப வந்துருமா தம்பி?"

"வராம எங்கக்கா போவுது?"

அழித்தான். ஏற்றினான். எல்லாம் வந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. கார் ஊமையாக ஓடியது, ஊமையாக விக்கியது. அதற்கான டிரைவர் தன்னிடம் இல்லை, ஜங்ஷனில் கேட்டு வாங்கி வருகிறேன் என்றான். டிரைவர் எதற்கு, சங்கிலி இருக்கிறானே என்று அவள் கேட்டபோது, அவன் ஸ்குரூ டிரைவரைப் பையில் செருகிக்கொண்டு கிளம்பினான்.

அன்று சாயங்காலம் வேறு வினை வந்தது. 'ட்ர்ர்ர்' இல்லாததால் கார் நின்றுவிட்டதா, மெதுவாகப் போகிறதா என்று யாருக்கும் தெரியவில்லை.

"நின்னுட்டுவே!"

"எங்கன நின்னுச்சு? விக்குதுவே. நல்லாப் பாரும்."

"வளைவுல நிக்கி. கண்ணு அவிஞ்சா போச்சு?"

"அது வளைவா? வளைவு முடிஞ்சு போச்சு. அது ரோடு!"

ஒருவன் மற்றவன் சட்டையைப் பிடித்தான். பித்தான் ஒன்று தெறித்து மானிட்டரில் பட்டது. சாரம்மாள் நடுவில் புகுந்து கும்பிட்டாள்.

"ஐயா, உங்களக் கும்பிடுதேன். சரிபண்ணித் தாரேன். எம் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுராதீங்க."

அவர்கள் அவளை விநோதமாகப் பார்த்தார்கள். பலவேசம் வந்து, எல்லோரையும் சோடாக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார். அங்கேயும் நெடுநேரம் ஏதோ பஞ்சாயத்து நடந்தது. இனி இந்தப் பக்கம் வரக்கூடாது என்று பேசி முடிக்கிறார்கள் என்றுதான் அவளுக்குப் பட்டது. ராத்திரி சோறு இறங்கவில்லை.

விடிந்ததும் கிருபைராஜ் வந்து சத்தத்தைச் சரிசெய்தான். ஓட்டிப் பார்த்துவிட்டு, பெட்டியின் மேல் கையை வைத்து, வெடுக்கென்று எடுத்தான்.

"தோசக்கல்லு மாதிரி கொதிக்குக்கா. சூடுதான் காரணம். குளுமையா வச்சுக்கிடுங்க. நான் சாயங்காலம் வாரேன்."

சூடு என்றால் சாரம்மாளுக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. சித்திரை வெயிலில் பீடி இலை காய்ந்து நொறுங்கும். நனைத்துப் பிழிந்த சாக்கில் இறுக்கிப் பொதிந்து வைத்தால் பதமாகிவிடும். எப்படி வெட்டினாலும் கிழியாது. ஊரில் இலைப் பதத்துக்கு அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

நல்ல சாக்காக ஒன்றை எடுத்து, நனைத்து, சொட்டு நீர் விழாதபடி முறுக்கிப் பிழிந்தாள். பெட்டியைத் தூக்கி நாலு பக்கமும் சுற்றி, ஓட்டையெல்லாம் அடைபடும்படி ஓரத்தை மடித்துச் செருகினாள். தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது. அவளுக்கே தன்மேல் ஒரு மதிப்பு வந்தது.

சுவிட்சைப் போட்டாள்.

கார் புறப்படவே இல்லை. திரையில் கோடுகோடாக வந்தது. பிறகு கறுத்துப்போனது. ஈரச் சணலும் வேகும் பிளாஸ்டிக்கும் கலந்து ஒரு நாற்றம் எழுந்தது.

சாயங்காலம் வந்த கிருபைராஜ் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"இது என்னக்கா?"

"நீதான தம்பி குளுமையா வைன்னே?"

"குளுமைன்னா மேல ஃபேன் போடச் சொன்னேன்க்கா! பிள்ளப் பெத்தவள மாதிரியில்லா பொதிஞ்சு வச்சிருக்கீங்க!"

பெட்டியை முழுசாகப் பிரித்தான். வயர்களை விலக்கி, அடியில் இருந்த சின்னக் காத்தாடியை வெளியே எடுத்தான். எடுத்த கையோடு தும்மினான். மறுபடி தும்மினான். காத்தாடியின் இறக்கைகள் தெரியவில்லை. தவிட்டு நிறத்தில் ஒரே அப்பல்.

"என்னக்கா இது? காத்தாடியா, மூக்குப்பொடி டப்பியா?"

சாரம்மாள் விரலால் தொட்டு முகர்ந்தாள். பீடித் தூள். இந்த அறையின் சுவரிலும் உத்தரத்திலும் இருபது வருஷமாகப் படிந்திருந்த தூள். அவள் நெஞ்சுக்குள் போனது போக மிச்சத்தைப் பெட்டி இழுத்திருந்தது.

வேறு காத்தாடி வேண்டும். கையில் ஒன்றும் இல்லை. மிச்சம் கிடந்த இலைக்கட்டு, சொளவு, இலை வெட்டும் கத்தரி எல்லாவற்றையும் தெருவில் ஒருத்திக்கு விற்றாள். அந்தக் கத்தரி வாங்கியவளின் கைப்பிடிக்குப் பொருந்தவில்லை. இரும்பு நல்ல இரும்பு என்று எடுத்துக்கொண்டாள். கத்தரியும் போன பிறகு, அடுத்தவள் வாசலில் போய் உட்காரக்கூட இனி வழியில்லை. பெட்டி ஓடியாக வேண்டும்.

கிருபைராஜ் பெட்டியை வெயிலில் உலர்த்தினான். கிடைத்த காத்தாடியை மாட்டினான். பலவேசம் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தார்.

"நெசமாவே சரியாயிருமாடே?" என்று கேட்டார். முகத்தில் சிரிப்பில்லை.

"ஆயிரும் அண்ணாச்சி."

"முழுசாவா?"

சாரம்மாள் அவர் முகத்துக்கு நேராகவே சொன்னாள்: "முழுசாத்தான். அடுத்தவ பொழச்சா உங்களுக்கு வயிறு எரியுதோ?"

அவர் தன் கடைக்குத் திரும்பிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை கடை திறந்தாள். சுவரை வெள்ளையடித்திருந்தாள். ஸ்டாண்டில் இருந்த அத்தனை பேரும் வந்தார்கள். கூட்டம் தெருவரைக்கும் நின்றது. கோயில் பூசை முடிந்து வந்தவள், மாற்றாத சேலையோடு மேஜைக்குப் பக்கத்தில் நின்றாள். பிடரி வலித்தது. மாதாவே, இந்த ஒரு தடவை என்று மனசுக்குள் முணுமுணுத்தாள்.

சங்கிலிபூதத்தான் உட்கார்ந்தான். கார் சீறிக்கொண்டு புறப்பட்டது. விக்கல் இல்லை. தென்னைமரம் வந்தது, போனது. வளைவு வந்தது, போனது. பாலம் வந்தபோது அறையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. கார் பாலத்தில் ஏறி, இறங்கி, அந்தப் பக்கம் யாரும் பார்த்திராத ஒரு மலைப்பாதையில் ஓடி, முடிவுக் கோட்டைத் தாண்டியது. திரையில் பூ மாதிரி வெடி வெடித்தது. கொட்டும் மேளமும் கேட்டது.

சாரம்மாள் கைதட்டினாள். அவள் மட்டும்தான் தட்டினாள்.

கூட்டம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு ஒருவன் செருப்பைத் தேடினான். மூட்டைக்காரர்கள் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். ஒவ்வொருவராக வெளியே இறங்கினார்கள். சோடாக் கடையில் பலவேசம் வாசலில் அடுக்கியிருந்த கலர்ப் பெட்டிகளை உள்ளே இழுத்துப் போட்டார்.

"ஏம்ப்பா? எங்க போறீங்க?" என்று கேட்டாள் சாரம்மாள். "நல்லா ஓடுதே! எங்கனயும் நிக்கலியே!"

கடைசியாக எழுந்தவன் சங்கிலிபூதத்தான். நாற்காலியை மேஜைக்கடியில் தள்ளிவிட்டு, இழவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் போகிறவன் மாதிரி வாசல்வரை போனான். மனசு கேட்காமல் திரும்பினான்.

"ஓடுத கார் ஜங்ஷன்ல பத்துக் கடையில இருக்குக்கா. இது எங்கன நிக்கும்னு கலர் பந்தயம் கட்டத்தான் நாங்க இங்க வந்ததே. இனி நான் எதை வச்சு ஜெயிச்சு அடைக்க? பலவேசம் அண்ணாச்சிக்கு இன்னும் ஆறு கலர் கடன் கெடக்கு."