கண்ணாடி போட்டும் ஆள் தெரியாத மாப்பிள்ளை

எங்கள் கொங்குப் பக்கத்தில் வரப்பை வெட்டிச் சேர்த்துக்கொண்டால்கூட ஒரு தலைமுறையில் மறந்துவிடுவார்கள். வீடு தேடி வந்தவரை ‘வாங்க’ என்று கேட்காவிட்டால் மட்டும் பேரன் காலம் வரை சொல்லிக் காட்டுவார்கள். நான் அதற்கும் ஒரு படி மேலே போனவன். வந்தவர்களைப் பார்த்து, நீங்கள் மனிதர்களே இல்லை என்று சொன்னவன்.

நாமக்கல்லில் ஒரு கோழித்தீவனக் கம்பெனியில் எனக்கு வேலை. பண்ணைக்காரர்கள் கூட்டத்தில் தீவனச் செலவைக் குறைப்பது பற்றி நான் பேச வேண்டும் என்று மேனேஜர் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தாலே என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். (கல்யாணத்தன்று ஐயர் தாலியைக் கட்டச் சொன்னதற்கே ‘நானா?’ என்று கேட்டவன்.)

என் மனைவி கவிதாதான் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மனநல ஆலோசகரைக் கண்டுபிடித்தாள். அந்த மேடம் என் முகத்தில் பெரிய கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டினார். வி.ஆர். கண்ணாடியாம். மாட்டியதும் அறை மறைந்து, நான் ஒரு மேடையில் நின்றேன். எதிரே மண்டபம். கதவு வழியாகக் கம்ப்யூட்டர் மனிதர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். என்னால் சும்மா இருக்க முடியுமா? கைகூப்பி எல்லாரையும் ‘வாங்க, வாங்க’ என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருத்தரும் பதில் சொல்லாதது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது.

“சார், அவங்க பொம்மைங்க. யார் வந்தாலும், என்ன பேசினாலும் கண்டுக்காதீங்க. பேசிட்டே இருங்க” என்றார் மேடம். வீட்டில் பழகுவதற்கு ஒரு கண்ணாடியை இரவலாகவும் கொடுத்தனுப்பினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கவிதா மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மண்டபத்தை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏனுங்க மாப்ள, ஊட்ல யாருமில்லீங்களா?” என்று ஒரு குரல் கேட்டது.

எனக்கு ஒரே பூரிப்பு. பரவாயில்லையே, கொங்குத் தமிழ் பேசுகிற பொம்மைகூட வந்துவிட்டதே என்று நினைத்தேன். (திருச்செங்கோட்டு இழுவை அப்படியே இருந்ததை மனதுக்குள் மெச்சிக்கொள்ளவும் செய்தேன்.) இந்தத் தடவை ஏமாந்துபோய் ‘வாங்க’ என்று கேட்டுவிடுவேனா?

“நீங்க நெசமான மனுசங்களே இல்ல. பொம்மைங்க. உங்களுக்கு நான் எதுக்குப் பயப்படோணும்?” என்று உரக்கச் சொல்லிவிட்டு, பேச்சின் முக்கியமான கட்டத்துக்கு வந்தேன். வயதான கோழிகளை வைத்துக்கொண்டு தீனி போடுவது தண்டம், யோசிக்காமல் கழித்துவிட வேண்டும் என்று முழங்கினேன். எப்படிக் கழிப்பது என்பதைக் காட்டக் கையை ஒரு வீசு வீசினேன். எதுவோ தட்டுப்பட்டுக் கணீரென்று தரையில் விழுந்து உருண்டது. சத்தத்தைக்கூட என்னமாய்ச் செய்திருக்கிறார்கள் என்று வியந்துபோனேன்.

மாடிப்படியில் கவிதா “பெரியப்பா” என்று அலறியபோதுதான் கண்ணாடியைக் கழற்றினேன்.

அவளுடைய பெரியப்பாவும் பெரியம்மாவும் நின்றிருந்தார்கள். மகள் கல்யாணத்துக்கு எங்களை அழைக்க வந்தவர்கள். அவர்கள் நீட்டிய தாம்பாளம் கவிழ்ந்து வெற்றிலையும் பழமும் பத்திரிகையும் தரையில் கிடந்தன. பெரியப்பா குனிந்து பத்திரிகையை மட்டும் எடுத்துத் துடைத்து, மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார்.

“மாப்ளைக்கு எங்களக் கண்டா ஆகலையாட்ட இருக்குது. நாங்க வாரோம் சாமி” என்று கவிதாவிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

பத்திரிகை வைத்து அழைக்காத கல்யாணத்துக்கு எங்கள் பக்கம் யாரும் போக மாட்டார்கள். அதுவோ கவிதாவோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த தங்கையின் கல்யாணம். அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலாம். அடுக்களையில் சத்தம் வராமல் அழுதாள். போனில் நான் எவ்வளவு விளக்கியும் பெரியப்பா ஒரே கேள்வியில் நின்றார்.

“கண்ணாடி போட்டும் ஆளு தெரியலீங்களா?”

அடுத்த ஞாயிறு மன்னிப்புக் கேட்க அவர்கள் ஊருக்கே போனோம். கல்யாண வீடு என்பதால் கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். இவர்கள் பொம்மைகள் இல்லை. வழியெல்லாம் மனப்பாடம் செய்த பேச்சில் ஓர் எழுத்துகூட வாயில் வரவில்லை. கவிதா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துப் பெரியப்பா தோட்டத்திலிருந்து உள்ளே வந்தார். என் உடம்பு தானாக எழுந்தது, கை தானாகக் கூப்பிக்கொண்டது.

“வாங்க மாமா, வாங்க. உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?”

பெரியம்மாதான் முதலில் சிரித்தார்.

“எங்க ஊட்டுக்கே என்னைய வாங்கன்னு கேட்டுப்போட்டாருங்க. இனி உக்காந்துதான் ஆகோணும்” என்று பெரியப்பா உட்கார்ந்தார். கவிதாவின் கைக்குப் பத்திரிகை வந்தது. கல்யாணத்தன்று என்னைப் பன்னீர்ச் செம்போடு மண்டப வாசலில் நிறுத்திவிட்டார்கள். தொண்டை கட்டும் வரை ‘வாங்க’ கேட்டேன்.

பண்ணைக்காரர்கள் கூட்டத்திலும் வாசலில் நின்று அதையேதான் செய்தேன். மேடை ஏறியபோது எதிரே இருந்த அத்தனை பேரும் நான் ‘வாங்க’ என்று கேட்டு, வந்து உட்கார்ந்தவர்கள். பேச்சு எங்கேயும் நிற்கவில்லை. எந்தப் பயிற்சி உதவியது என்று மேடம் ஆசையாகக் கேட்டார். நீங்கள் விடச் சொன்ன ‘வாங்க’தான் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் கோழிக் குழம்பு என்றால், இது வயதான கோழியா என்று விசாரித்துவிட்டுத்தான் பெரியம்மா கை நனைப்பார். பெரியப்பா அதுவரைகூட வரமாட்டார். வாசற்படியிலேயே நின்றுகொள்வார். நான் குளித்துக்கொண்டிருந்தாலும் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடி வர வேண்டும்.

“வாங்கன்னு கேளுங்க மாப்ள. அப்பத்தான நாங்க நெசம்.”